விமான மூக்கில் ஒரு கையகலம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டில் நாங்கள் விமானத்தின் மூக்கை ரிப்பேர் செய்தோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் வீட்டுக்காரரே முதலில் சிரித்தார். ஆனால் செய்தோம். அப்படிச் செய்த மூக்கு ஒன்றில் நான் ஒரு தப்புச் செய்தேன். அந்தத் தப்பை வேறொருவர் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டு வேலையை விட்டுப் போனார். நான் ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. எழுதுவது அதைவிடக் கொஞ்சம் சுலபம் என்பதால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் பத்தாவதோடு நின்றுவிட்டேன். டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தார்கள். அங்கே மற்றப் பெண்கள் பேசிச் சிரிப்பதைப் பார்த்து மூன்றாவது வாரமே போகாமல் விட்டேன். "வாயில்லாத பிள்ளைக்கு வாயில்லாத வேலைதான் சரி" என்று அம்மா சொல்லி, பக்கத்து பிளாக் அக்கா வேலை பார்த்த ஃபைபர் ஷெட்டில் சேர்த்துவிட்டாள். காலையில் ஆவடியில் ரயில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து நடை.

ஷெட்டில் பஸ்ஸுக்கு முன்பக்க பேனல், சீட்டின் முதுகு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஃபைபரில் செய்தார்கள். பெண்கள் நான்கு பேர் இருந்தோம். எங்களுக்குத் தேய்ப்பு வேலை. எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து, பள்ளம் இருந்தால் பட்டி மாவு பூசி, காயவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவினால் எங்கும் தட்டாத வரைக்கும் தேய்க்க வேண்டும். ஃபைபர் தூள் முழங்கை மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அரிக்கும். அந்த அரிப்பு எனக்குப் பிடிக்காவிட்டாலும் அந்த வேலை பிடித்திருந்தது. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

பெயின்ட் அடிப்பது ஒரே ஒரு ஆள். அவரைப் பெயின்டர் அண்ணன் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். முப்பது வயதிருக்கும். பழைய அம்பத்தூர் கிராமத்துக்காரர். தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் அவர்கள் குடும்பத்துக்கு அந்தப் பக்கம் நிலம் இருந்ததாம். தாமதமாக வரும்போது வாட்ச்மேன் பெயர் எழுதச் சொன்னால், "இன்னா நைனா, எங்க தாத்தா ஏர் ஓட்ன எடத்துல பூர்றதுக்கு ஒன்னாண்ட கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போடுவார். வாரத்தில் இரண்டு நாள் குடித்துவிட்டு வருவார். குடித்தாலும் கை நடுங்காது. ஸ்பிரே கன்னைப் பிடித்து அவர் ஒரு பேனல் முழுக்க நடந்து போவதைப் பார்த்தால் ஒரே மூச்சில் போவது போல இருக்கும். எங்கேயும் வழியாது, எங்கேயும் விடுபடாது.

அவர் பீடி குடிக்கப் போகும்போது சீட்டுகளின் அடிப்பக்கத்தை எங்களை அடிக்கச் சொல்வார். "அடியில யாரு பாக்கப் போறான், அடிங்க. மேல தொட்டா கைய ஒடைப்பேன்" என்பார். அப்படித்தான் கன்னைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

பஸ் பேனலில் ஒரு வழக்கம் இருந்தது. மாவு பூசிய இடம் சாம்பல் நிறமாக இருக்கும். அதன் மேல் வெள்ளை அடித்தால் இரண்டு கோட், மூன்று கோட் அடித்தாலும் உள்ளே இருந்து சாம்பல் எட்டிப் பார்க்கும். அதனால் அந்த இடத்தில் மட்டும் முதலில் லேசாகச் சில்வர் அடித்துவிடுவார். சில்வர் மேல் வெள்ளை ஒரே கோட்டில் மூடிக்கொள்ளும். அலுமினியத் தூள் கலந்த சாதாரண சில்வர் பெயின்ட்தான். பீரோவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிப்பது.

நான் சேர்ந்து ஒன்றரை வருடம் கழித்து மூக்கு வேலை வந்தது. மீனம்பாக்கம் பக்கம் விமானங்களைப் பழுது பார்க்கும் ஒரு கம்பெனி, எங்கள் முதலாளிக்குத் தெரிந்தவர் மூலம் அனுப்பியது. விசிறி வைத்த, ஐம்பது பேர் போகிற மாதிரியான விமானத்தின் முன் மூக்கு. பெரிய அண்டாவைக் கவிழ்த்தது போல இருந்தது. உள்ளும் புறமும் ஃபைபர், நடுவில் தேன்கூடு போல அட்டை. கல் பட்டு, பறவை அடித்து, தண்ணீர் இறங்கி வீணாகி வரும். நாங்கள் அறுத்து எடுத்து, ஒட்டுப்போட்டு, தேய்த்து, பெயின்ட் அடித்துத் தர வேண்டும்.

அதற்காகவே ஒரு இன்ஸ்பெக்டர் சாரை வைத்தார் முதலாளி. விமானப் படையில் ரேடார் வேலை பார்த்துவிட்டு வந்தவர், மதுரைப் பக்கம். அதிகம் பேசமாட்டார். சட்டைப் பையில் ஒரு சின்ன ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருப்பார். அந்த ஸ்டாம்ப் விழுந்தால்தான் மூக்கு ஷெட்டை விட்டு வெளியே போகும்.

முதல் நாள் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து, இரும்பு ஷட்டரில் சாக்பீஸால் படம் போட்டுச் சொன்னார்.

"இது வெறும் மூடி இல்ல. இதுக்குப் பின்னால ஒரு தட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கிட்டே இருக்கும். அதுதான் ரேடார். அதுல இருந்து அலை கிளம்பி, இந்த ஃபைபரைத் தாண்டிப் போயி, மேகத்துல இருக்கற மழைத்துளி மேல பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு திரும்பி வருதோ அதை வெச்சு பைலட்டுக்குத் திரையில கலர் தெரியும். பச்சைன்னா லேசான மழை. மஞ்சள்னா கொஞ்சம் கனம். சிவப்புன்னா அந்தப் பக்கம் போகக்கூடாது."

"காத்து தெரியுமா சார்?" என்று பெயின்டர் அண்ணன் கேட்டார்.

"காத்தை எந்த ரேடாராலயும் பார்க்க முடியாது. ஆனா புதுசா வர்ற ரேடார் ஒண்ணு பண்ணும். ஒரே எடத்துல சில துளி நம்மளப் பார்த்து வருது, சில துளி விலகி ஓடுதுன்னா, அங்க காத்து முறுக்குதுன்னு அர்த்தம். அந்த எடத்தைத் தனிக் கலர்ல காட்டும். அதுக்குள்ள ப்ளேன் போனா தூக்கி அடிக்கும். மழைத்துளி இல்லாத எடத்துல அதுவும் தெரியாது. அதனால தெரியற கொஞ்சத்தையும் நாம மறைச்சிடக்கூடாது."

"அப்ப மூக்கு அடச்சிக்கினா மோப்பம் புடிக்காதுன்றீங்க."

சார் சிரிக்கவில்லை. "அதேதான். வெள்ளை ரெண்டு கோட், அதுவும் மெல்லிசா. அடிக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போடுவேன். உலோகத் தூள் கலந்த பெயின்ட் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. அலை அங்கேயே முட்டித் திரும்பிடும்."

சில்வர் என்று அவர் தனியாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் செய்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் தெரியும். அலுமினியத் தூளை டின்னில் கொட்டிக் கலக்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு முன் இரண்டு நாள் ஷெட்டில் வேலை நடக்காது என்றே சொல்லலாம். இருக்கிற மெஷின், வைஸ், ரேக், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழுவி, சில்வர் அடித்து, மறுநாள் சந்தனம் குங்குமம் வைப்போம். வருடத்துக்கு ஒரு தடவை எல்லாம் புதிதாகத் தெரிய வேண்டும் என்பது வழக்கம். அந்த வருடம் ஒரு மூக்கு பாதியில் நின்றது. பூஜை முடிந்த மறுநாள் அது மீனம்பாக்கம் போயாக வேண்டும்.

பூஜைக்கு முந்தின நாள் காலையில் பெயின்டர் அண்ணன் முதல் கோட் வெள்ளை அடித்தார். இடது பக்கத்தில் நான் மாவு பூசித் தேய்த்த ஒட்டு ஒன்று இருந்தது. வெள்ளை காயக் காய அந்தச் சாம்பல் தெரிந்தது. ஒரு கையை விரித்து வைத்த அகலம். அவர் பார்த்துவிட்டு, "ரெண்டாவது கோட்லயும் தெரிஞ்சா சாரு மொத்தமும் தேச்சி எடுக்கச் சொல்வாரு. பூஜ முடிஞ்ச கையோட ஒக்காந்து தேய்க்க வேண்டியதுதான் நீ" என்றார். என்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கிண்டலாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பூசணிக்காயும் பொரியும் வாழைக்கன்றும் வாங்க மற்ற ஆண்களோடு மார்க்கெட் போனார். பெண்கள் சாப்பிட வெளியே மரத்தடிக்குப் போனார்கள். சார் அன்று விடுப்பு.

நான் சாப்பிடப் போகவில்லை. அந்தச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் ஒட்டு. நாளை மறுநாள் சார் எல்லோர் முன்னாலும் "இது யார் தேய்ச்சது?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அதுதான் பயம். வேறு எந்தப் பயமும் இல்லை. இத்தனை சின்னக் காரணம்.

ரேக்குக்கு அடிக்க வைத்திருந்த சின்ன கன்னில் சில்வர் இருந்தது. ஒரே ஒரு இழுப்பு. பெரிய கன்னில் மிச்சமிருந்த வெள்ளையை அதன் மேல் லேசாக ஓட்டினேன். மூடிக்கொண்டது. கையகலம்தானே, இவ்வளவு பெரிய மூக்கில் கையகலம் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

மூன்று மணிக்கு அவர் வந்தார். குடித்திருந்தார். இரண்டாவது கோட் அடிக்க கன்னை எடுத்தவர் கிட்டே போய்ப் பார்த்தார். "அட, காஞ்சதும் அதுவா மூடிக்கிச்சே. என் கை ராசி" என்றார். இரண்டாவது கோட்டை எப்போதும் போல ஒரே மூச்சில் அடித்தார். அப்புறம் சின்ன கன்னை எடுத்துப் பாட்டுப் பாடிக்கொண்டே ரேக்குகளுக்குச் சில்வர் அடித்தார்.

பூஜை முடிந்து சார் வந்து எடை போட்டார். சில்வருக்கு எடை ஒன்றும் இல்லை. ஸ்டாம்ப் விழுந்தது. மூக்கை வேனில் ஏற்றினோம்.

கார்த்திகை மாத மழையில் ஒரு நாள் அது திரும்பி வந்தது. கூடவே மீனம்பாக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முதலாளியின் அறையில் சாரோடு பேசினார்கள். கதவு திறந்தே இருந்தது. நாங்கள் கேட்டுக்கொண்டே தேய்த்தோம்.

அந்த விமானம் மழைக்கு நடுவில் மெட்ராஸுக்கு வந்துகொண்டிருந்ததாம். திரையில் வலது பக்கம் சிவப்பு. இடது பக்கம் பச்சைதான். பைலட் இடது பக்கமாகத் திருப்பினாராம். பச்சை என்று நினைத்த இடத்துக்குள் போனதும் விமானம் கீழே விழுந்து மேலே எறியப்பட்டதாம். பயணிகள் பெல்ட் போட்டிருந்தார்கள். பணிப்பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கூரையில் மோதிக் கீழே விழுந்திருக்கிறாள். முதுகெலும்பில் அடி. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இருந்தாள். எழுந்து நடப்பாளா என்று தெரியாது.

சார் வெளியே வந்தார். ஷட்டரை இறக்கச் சொன்னார். ஜன்னல்களைச் சாக்கால் மூடச் சொன்னார். பட்டப் பகலில் ஷெட் இருட்டாயிற்று. நூறு வாட் பல்பு ஒன்றை ஒயரோடு மூக்குக்குள் வைத்து ஸ்விட்ச் போட்டார். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் உள்ளே விரிசல் பார்க்க அப்படிச் செய்வதுண்டு. அடித்த பிறகு செய்தது அதுதான் முதல் தடவை.

மூக்கு முழுவதும் இளமஞ்சளாக ஒளிர்ந்தது. தேன்கூட்டின் ஒவ்வொரு அறையும் தெரிந்தது. இடது பக்கத்தில் மட்டும் ஒரு கறுப்பு. கையை விரித்து வைத்தது போலவே இருந்தது.

சார் பிளேடால் அந்த இடத்தைச் சுரண்டினார். வெள்ளைக்கு அடியில் பளபளவென்று வந்தது.

"இதனாலதான் நடந்துச்சுன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது" என்றார் வந்தவர்களிடம். "ஆனா அந்தப் பக்கம் மழை இருக்கறதைவிடக் கம்மியாத்தான் தெரிஞ்சிருக்கும். நான் பெயின்ட்டுக்குப் பிறகு பல்பு போட்டுப் பார்த்திருக்கணும். பார்க்கலை. அதையும் எழுதிக்குங்க." பிறகு பெயின்டர் அண்ணனைப் பார்த்தார். "சின்ன கன்ல சில்வர் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். பூஜைக்கு."

"குடிச்சிருந்தியா?"

"கொஞ்சம் சார். பூஜைக்கு."

"நீதான் அடிச்சியா?"

அவர் அந்தக் கறுப்பையே பார்த்தார். அவர் முகத்தில் கிண்டல் இல்லாமல் அன்றுதான் பார்த்தேன். "ஞாபகம் இல்ல சார். ரெண்டு கன்னும் கைலதான் இருந்துச்சு. நான்தான் அடிச்சிருப்பேன்."

"பொண்ணுங்க யாராவது?"

"அதுங்க சீட்டு அடியில தவுர எதையும் தொடாதுங்க சார். பயந்துக்குங்க."

என் கையில் ஈர எமரித் தாள் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டி என் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. 'நான்' என்று ஒரு சொல் போதும். யாராவது ஷட்டரைத் தூக்கினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். தூக்கினார்கள். வெளிச்சம் வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று மாலையே அவரை நிறுத்திவிட்டார்கள். தன் முகமூடித் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கன்னைத் துடைத்து ஆணியில் மாட்டினார். வாட்ச்மேனிடம் கையெழுத்துப் போடாமல் போனார். சாருடைய ஸ்டாம்ப்பை வாங்கிக்கொண்டார்கள். அவரும் அந்த மாதத்தோடு போய்விட்டார். மூக்கு வேலை அதற்குப் பிறகு வரவில்லை.

இரவெல்லாம் யோசித்து ஒரு தாளில் எழுதினேன். நான்கு வரி. முதலாளி மேஜையில் வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று. மறுநாள் ரயில் திருமுல்லைவாயில் தாண்டும்போது கிழித்து வெளியே போட்டேன். அன்றும் அதற்கு அடுத்த நாளும் அதற்குப் பிறகும் நான் எமரித் தாளோடு உட்கார்ந்து தேய்த்தேன். ஐந்து வருடம் தேய்த்தேன். பிறகு கல்யாணமாயிற்று.

முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். என் மகனுக்கு அப்போது ஒரு வயது. பிளாக் முழுவதும் வெள்ளையடித்தார்கள். ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும், படிக்கட்டில் ஒருவர் சுவருக்கு பிரஷ்ஷால் அடித்துக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்ததுமே தெரிந்தது. மெலிந்துபோயிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. நாற்பதுகூட ஆகியிருக்காது.

"அண்ணே" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பிடித்தது. "ஊமச்சி தானே நீ? ஆவடி பொண்ணு. இங்கதான் கீறியா? கொயந்த வேற கீது." சிரித்தார். சிரிப்பு முன்பு போல இல்லை.

உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்தேன். படியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். கீழே இரும்புக் கேட்டுக்கு ஒரு பையன் கன்னால் அடித்துக்கொண்டிருந்தான். ஸ்பிரே சத்தம் மேலே கேட்டது.

"நீங்க அடிக்கலையா அண்ணே?"

"கன்னத் தொட்டு ஏழு வருசம் ஆச்சு. பிரஷ்தான். பிரஷ்ல இன்னா தப்பு பண்ணாலும் செவுத்தோட போயிடும்." டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணப் போயிப் பாத்தேன்மா. ஆஸ்பத்திரில. ஹார்லிக்ஸ் வாங்கிகினு போனேன். கயுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் கட்டு. இன்னார்னு சொல்லல. பெயின்ட் கம்பெனின்னு மட்டும் சொன்னேன். அது அம்மா எனக்கு காப்பி குடுத்தாங்க. அந்த காப்பிய நான் குடிச்சேன், பாரு." டம்ளரை மறு கைக்கு மாற்றினார். "எப்ப அடிச்சேன்னு எவ்ளோ யோசிச்சாலும் வரல. சாம்பல் தெரிஞ்சிது, ஞாபகம் கீது. அப்பால மூடிக்கிச்சு, அதுவும் ஞாபகம் கீது. நடுவுல மட்டும் இல்ல. கை தானா போயி அடிச்சிருக்குது. என் கையே எனக்குத் தெரியாம ஒரு பொண்ண ஒடச்சிட்டு வந்துச்சு."

இத்தனை வருடமும் அவர் என்னைச் சந்தேகப்பட்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கேயாவது என்னைப் பற்றித் திட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கும். செய்ததாக அவரே நம்புவார் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

"நான்தான் அண்ணே அடிச்சேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "நீங்க மார்க்கெட்டுக்குப் போனப்ப. சின்ன கன்னால. மேல வெள்ளையும் நான்தான் அடிச்சேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைப் படியில் வைத்தார். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார், உள்ளங்கை, புறங்கை. கீழே ஸ்பிரே சத்தம் நின்று மறுபடி தொடங்கியது.

"எவ்ளோ பெருசு அடிச்ச?"

கையை விரித்துக் காட்டினேன்.

"ஆமா. அவ்ளோதான் இருந்துச்சு" என்றார். பிறகு, "அன்னிக்கி நான் அத்தினி பேரு முன்னால, இதுங்க தொடாதுங்கன்னு சொன்னேன். நீ நின்னுகினு இருந்த."

"ஆமாண்ணே."

"ஊட்டாண்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஸ்டேஷன்லருந்து பத்து நிமிசம்." குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன். எழுந்து பிரஷ்ஷை எடுத்தார். "ஒண்ணு பண்ணு. என்னாண்ட சொன்னத எம் பொஞ்சாதியாண்ட வந்து சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா. ஞாயித்துக்கெயம வா."

டீயில் ஆடை படிந்திருந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் போனேன். பழைய அம்பத்தூரில் சின்ன வீடு. வேலை போன பிறகு அவர் மனைவி இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார். வாசலில் தகரம் போட்டு மேஜை, மேஜை நிறையத் துணி. பெயின்டர் அண்ணன் எதிரே புளிய மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் வரவில்லை.

நான் சொன்னேன். வரிசை மாறித்தான் சொன்னேன், இருந்தாலும் சொல்லி முடித்தேன். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. ஒரு பள்ளிக்கூடச் சட்டையை முடித்து மடித்து வைத்தார். இன்னொன்றை எடுத்து உதறினார். தண்ணீர் தெளித்தார்.

"ஏம்மா, இத சொல்லவா வந்த?"

"ஆமாங்க. அவர் மேல தப்பு இல்ல."

"இல்லன்னு நீ சொல்லிட்ட. நீ போயிடுவ." பெட்டியின் மூடியைத் திறந்து கரியை ஊதினார். சாம்பல் பறந்தது. "அந்தப் பொண்ணச் சொல்லித்தான் அவர குடிய உட வெச்சேன். சாமி படத்துக்கு முன்னால நிக்க வெச்சி, நீ இன்னொரு தபா தொட்டா இன்னொரு பொண்ணு முதுகு ஒடையும்னு சொன்னேன். ஏழு வருசமா அந்த ஒண்ணுதான் அவர புடிச்சி வெச்சிகினு கீது. இப்ப அவரு ஒண்ணும் பண்லன்ற. இனிமே நான் இன்னா சொல்லி புடிச்சி வெப்பேன்? அதையும் நீயே சொல்லிட்டுப் போ."

பெட்டி சட்டையின் மேல் போய் வந்தது. அவர் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மரத்தடியில் அவர் எழுந்து நின்றார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேண்ணே."

"நம்புனாளா?"

"நம்பினாங்க."

அவர் முகம் மாறியது. இளைத்துப்போன அந்த முகத்தில் பழைய பெயின்டர் அண்ணன் ஒரு நிமிடம் வந்து நின்றார். வலது கையை மடக்கி மடக்கி விரித்தார், கட்டுப் பிரித்த கையைப் பார்ப்பது போல. "சரி, போ. பஸ் வந்துரும்" என்றார்.

ஏழெட்டு மாதம் கழித்து, எங்கள் பிளாக்குக்கு மராமத்துக்கு வந்த வேறொரு ஆளிடம் அவரைப் பற்றிக் கேட்டேன். அடையாளம் சொன்னதும் அந்த ஆளே பெயரைச் சொல்லிப் புரிந்துகொண்டான். பெயின்டர் அண்ணன் பூந்தமல்லியில் லாரிக்கு பாடி கட்டும் இடத்தில் சேர்ந்துவிட்டாராம். ஸ்பிரே வேலை. "கை இன்னா கைன்ற, மேடம். சும்மா கண்ணாடி மாதிரி உடுவாரு" என்றான்.

சந்தோஷம் என்றேன். குடிக்கிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.